காலை வணக்கத்துக்குப் பதில் மல்லிகைப்பூ

போன இதழில் என் ஷார்ஜா நாட்களைப் பற்றி எழுதியபோது, அரபிக்காரர்கள் காலை வணக்கத்தையே பூவும் தேனுமாகச் சொல்வார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அரபி முறையாகப் படித்தவன் இல்லை. ஒரு பகாலாவில், அதாவது மளிகைக்கடையில், 19 வருஷம் கல்லாவில் நின்று காதால் வாங்கியதுதான் எல்லாம்.

துபாய் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் 'சபாஹுல் கைர்' என்றால் நானும் அதையே திருப்பிச் சொன்னால் போதுமா?
*வாசகர், திருநெல்வேலி*

தப்பில்லை. ஆனால் மொய் வாங்கிய வீட்டுக்கு அதே தொகையைத் திருப்பி வைப்பதுபோல் இருக்கும். ஒரு பத்து ரூபாயாவது கூட வைப்பதுதானே வழக்கம்?

நான் போன முதல் மாதம். எகிப்துக்காரர் ஒருவர், பள்ளி வேன் ஓட்டுநர், விடிந்தும் விடியாமலும் பாலும் ரொட்டியும் வாங்க வருவார். 'சபாஹுல் கைர்' என்றார். நானும் 'சபாஹுல் கைர்' என்றேன். காசை நீட்டாமல் அப்படியே நின்றார். பிறகு ஆள்காட்டி விரலை ஆட்டி, "லா, லா. சபாஹுன் நூர்" என்றார். கைர் என்றால் நன்மை, நூர் என்றால் ஒளி. அவர் எனக்கு நன்மையான காலையைக் கொடுத்தால் நான் அவருக்கு ஒளியான காலையைக் கொடுக்க வேண்டுமாம்.

மறுநாள் 'நூர்' என்று தயாராக நின்றேன். மனுஷர் 'சபாஹுல் வர்த்' என்று ஆரம்பித்தார், ரோஜாக் காலை. அப்புறம் யாஸ்மீன், அஸல் (தேன்), இஷ்டா என்று நாளுக்கு ஒன்று வந்தது. இஷ்டா என்றால் பாலாடை. எகிப்துக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தது 'சபாஹுல் ஃபுல்'. ஃபுல் வேறொன்றுமில்லை, நம் குண்டுமல்லிதான்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில் 'சபாஹுல் ஃபூல்' என்று நீட்டிவிட்டேன். அவர் திரும்பி, எனக்குப் பின்னாலிருந்த அடுக்கில் வரிசையாக நின்ற டப்பாக்களைக் காட்டினார். அதன் பேர்தான் ஃபூல். எகிப்தில் காலையில் ரொட்டியோடு சாப்பிடும், குழைய வேகவைத்த பயறு. குறிலை நெடிலாக்கியதில் மல்லிகைக் காலை பயற்றுக் காலை ஆகிவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முட்டை தப்பியது பெரிய விஷயம். போகும்போது ஒரு டப்பாவும் வாங்கிப்போனார்.

நான் முஸ்லிம் இல்லை. சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்லலாமா?
*வாசகி, ஓசூர்*

நானும் முஸ்லிம் இல்லை. 19 வருஷமும் சொன்னேன். கடைக்குள் வருகிறவர் முதலில் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பார், உட்கார்ந்திருப்பவன் பதில் சொல்லியாக வேண்டும். பதில் 'வ அலைக்குமுஸ் ஸலாம்'. மனசு வந்தால் 'வ ரஹ்மத்துல்லாஹி வ பரகாத்துஹூ' என்று அருளையும் வளத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். குர்ஆனிலேயே (4:86) உங்களுக்கு யாராவது வாழ்த்துச் சொன்னால் அதைவிடச் சிறப்பாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதையாவது திருப்பிச் சொல்லுங்கள் என்று இருக்கிறது. மேலே சொன்ன மொய்க் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா? ஒரே ஆள் நின்றாலும் 'அலைக்கும்', 'உங்கள் எல்லார்மீதும்' என்றுதான் சொல்வார்கள்.

சலாம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 'மர்ஹபா' இருக்கிறது, 'அஹ்லன்' இருக்கிறது. எல்லா மதத்து அரபிகளும் சொல்வதுதான்.

விமான நிலையத்திலெல்லாம் 'அஹ்லன் வ ஸஹ்லன்' என்று எழுதியிருக்கிறார்களே, 'நல்வரவு' என்றுதானே அர்த்தம்?
*வாசகர், கடலூர்*

பயன்பாட்டில் அதேதான். உள்ளே போய்ப் பார்த்தால் வேறு. அஹ்ல் என்றால் சொந்தபந்தம். ஸஹ்ல் என்றால் சமவெளி. 'சொந்தக்காரர்களிடம்தான் வந்திருக்கிறாய், சமதரையில்தான் கால் வைத்திருக்கிறாய்' என்பது அதன் விரிவு. பாலைவனத்தில் நாள் கணக்கில் ஒட்டகத்தோடு கல்லிலும் மேட்டிலும் அலைந்தவனுக்குச் சமதரை என்ற சொல் எப்படி இனித்திருக்கும்! மர்ஹபாவும் அந்த ஜாதிதான். அதற்குள் இருப்பது விசாலம். 'தாராளமா இடம் இருக்கு, வா' என்கிற மாதிரி.

இதற்கும் கூட்டிப் பதில் சொல்லும் வழி உண்டு. நமக்கு ஒருமை, பன்மை இரண்டுதான். அரபியில் நடுவே இருமை என்று ஒன்று இருக்கிறது. ஒரு திர்ஹம் என்றால் திர்ஹம், இரண்டு என்றால் திர்ஹமைன். நான் இதைச் சில்லறை எண்ணித்தான் கற்றேன். 'மர்ஹபா' என்பவருக்கு 'மர்ஹப்தைன்', அதாவது இரண்டு மர்ஹபா. 'அஹ்லன்' என்பவருக்கு 'அஹ்லைன்'. வாழ்த்தையும் சில்லறை மாதிரியே எண்ணிக் கொடுக்கிறார்கள்.

குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் போன் எடுத்ததும் 'ஷ்லோனிச்' என்கிறார். கேட்டால் சிரிக்கிறார். ஏதாவது ஏடாகூடமா?
*வாசகி, கீழக்கரை*

சந்தேகமே வேண்டாம் சகோதரி. லோன் என்றால் நிறம். 'உன் நிறம் எப்படி?' என்பது சொல்லுக்குச் சொல் அர்த்தம். 'எப்படி இருக்கே'தான். நாம் 'என்ன முகமே சரியில்லை' என்பதில்லையா? பெண்ணுக்கு ஷ்லோனிச், ஆணுக்கு ஷ்லோனக். அடுத்த முறை 'ஸைனா, இன்த்த ஷ்லோனக்?' என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

முடிவெட்டினால்கூட வாழ்த்து உண்டு என்று எழுதியிருந்தீர்கள். விளையாடுகிறீர்களா?
*வாசகர், நாமக்கல்*

இல்லை. எங்கள் கடைக்கு அடுத்தது ஒரு சிரியாக்காரரின் சலூன். வெட்டி முடித்து, கழுத்தில் பவுடர் அடித்து, துண்டை ஒரு உதறு உதறி 'நயீமன்' என்பார். 'சுகமாக இருக்கட்டும்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் காத்திருக்கும் முன்பின் தெரியாத நாலு பேரும் ஆளுக்கொரு 'நயீமன்' சொல்வார்கள். கடைக்குத் திரும்பினால் சிகரெட் வாங்க வந்தவர் என் தலையைப் பார்த்து இன்னொன்று சொல்வார். அத்தனை பேருக்கும் 'அல்லாஹ் யின்இம் அலைக்' என்று பதில் சொல்ல வேண்டும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாலும் இதே கதை. ஊருக்கு வந்து முடிவெட்டிக்கொண்டு போனால் எங்கள் தெருவில் கேட்பது, 'என்னப்பா, எலி கடிச்சுதா?' நாம் கேலியில் அன்பு காட்டுகிற ஜாதி, வேறென்ன சொல்ல.

நயீமன் பிறந்த வேரில்தான் 'இனாம்' என்ற சொல்லும் பிறந்தது. இனாம் நிலத்துக்காகக் கோர்ட்டில் அலைந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

உழைத்துக்கொண்டிருப்பவனுக்கும் ஒன்று உண்டு. மூட்டை இறக்கும்போது பாலஸ்தீனக்காரர் ஒருவர் 'யஃதீக்கல் ஆஃபியா' என்று சொல்லிவிட்டுப் போவார். கடவுள் உனக்கு ஆரோக்கியம் தரட்டும் என்று பொருள். 'அல்லாஹ் யுஆஃபீக்' என்று பதில் சொல்ல வேண்டும். இதையே மொராக்கோக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் பேச்சில் ஆஃபியா என்றால் நெருப்பு.

சாப்பிட்ட வீட்டில் என்ன சொல்வது?
*வாசகி, பாளையங்கோட்டை*

சமைத்தவருக்கு 'திஸ்லம் ஈதக்', உன் கை நலமாக இருக்கட்டும். பெண் என்றால் 'ஈதிக்'. லெபனான், சிரியாக்காரர்கள் சாப்பிடுகிறவருக்கு 'ஸஹ்தைன்' என்பார்கள். இங்கேயும் இருமைதான், இரண்டு ஆரோக்கியம். வயிறு காலியாக இருந்தால் எனக்கு ஒன்றுகூடப் போதும்.

எல்லாம் வாய்ச்சொல்தானே ஐயா? சம்பளத்தை இழுத்தடிக்கிறவனும் இதே மாதிரிதான் பேசுகிறான்.
*வாசகர், மன்னார்குடி*

உண்மை. எங்கள் கடன் நோட்டில் 340 திர்ஹம் நிலுவை வைத்திருந்த ஒருவர் எட்டு மாதம் என்னை 'யா நூர் அய்னீ' என்றே கூப்பிட்டார். 'என் கண்ணின் ஒளியே' என்று அர்த்தம். ஒளி வந்தது, பணம் வரவில்லை. 'பாக்கி' என்பதும் அரபிச் சொல்தான் என்பதை அவர் மூலம்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

ஆனாலும் ஒன்று. 19 வருஷத்தில் அரபி பேசுகிற எவரும் கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்டு நான் பார்த்தது ரொம்பக் குறைவு. முதலில் சலாம், அப்புறம் நலம், பிறகுதான் சர்க்கரை. அந்தக் கடன்காரரும் அப்படித்தான். அதனால்தானோ என்னவோ, எட்டு மாதம் பொறுத்தேன்.

வீட்டில் இப்போதும் அரபி பேசுகிறீர்களா?
*வாசகி, தஞ்சாவூர்*

ராத்திரி ஒரு வார்த்தை உண்டு. விளக்கை அணைக்கும்போது 'துஸ்பிஹ் அலா கைர்', நன்மையில் விழித்தெழு. அதற்கு 'வ இன்த்த மின் அஹ்லில் கைர்' என்பது பதில். 'நன்மையின் சொந்தக்காரர்களில் நீயும் ஒருவர்' என்று அர்த்தம். என் மனைவிக்கு இது நீளமாம், 'ம்' என்பதோடு சரி.

காலையில்தான் வினை. போன வாரம் 'சபாஹுல் கைர்' என்றேன். அடுப்படியிலிருந்து 'சபாஹுல் இட்லி' என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தேன். பாலாடைக் காலை இருக்கலாம் என்றால் இட்லிக் காலைக்கு என்ன குறை? அதைவிடச் சிறப்பாகச் சொல்ல வேண்டுமே என்று 'சபாஹுல் சட்னி' என்றேன். "அரைக்கலை, மிளகாப்பொடிதான்" என்றாள்.