ஜிசிடிஏ கோப்பு எங்கே போயிற்று? வாசகர் கேள்வி-பதில்

ஜிசிசி கம்பைலரில் கவரேஜ் தேர்வோடு பில்ட் செய்தால், கம்பைலின்போது ஜிசிஎன்ஓ கோப்பும், நிரல் ஓடி முடியும்போது எண்ணிக்கை கொண்ட ஜிசிடிஏ கோப்பும் உருவாகும். இரண்டையும் சேர்த்து, எந்த வரி எத்தனை முறை ஓடியது என்று காட்டும் கருவி ஜிகாவ்.

ஒரே கட்டளையில் கம்பைலும் லிங்கும் செய்தால் ‘கணக்கு.ஜிசிஎன்ஓ’ வராமல் ‘ஆப்-கணக்கு.ஜிசிஎன்ஓ’ வருகிறதே? (நாகர்கோவில்)

ஜிசிசி 11 முதல் அப்படித்தான். எக்ஸிகியூட்டபிளின் பெயர் முன்னால் ஒட்டிக்கொள்ளும். பழைய பெயரே வேண்டுமென்றால் மைனஸ்-சி போட்டுத் தனியாக ஆப்ஜெக்ட் கோப்பு (.ஓ) எடுத்து, பிறகு லிங்க் செய்யுங்கள்.

சிமேக் என்ற பில்ட் கருவி வைத்த புராஜெக்டில் மெயின்.சிபிபி என்று கொடுத்தால் ஜிகாவ் ‘கோப்பு இல்லை’ என்கிறது. (தக்கலை)

பெயர் சோர்ஸிலிருந்து அல்ல, ஆப்ஜெக்டிலிருந்து வருகிறது. சிமேக் வைக்கும் பெயர் மெயின்.சிபிபி.ஓ, ஆகவே தரவு மெயின்.சிபிபி.ஜிசிடிஏ. அந்தக் கோப்பின் பெயரையே பாதையோடு ஜிகாவிடம் கொடுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பில்ட் செய்து, படகில் வைக்கும் லினக்ஸ் போர்டில் ஓட்டினோம். ஜிசிடிஏ வரவே இல்லை. ஜிசிசியில் பிழையா? (குளச்சல்)

ஜிசிசியில் பிழை இல்லை. இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே பில்ட், எங்கே ஓட்டம், திரையில் என்ன வந்தது என்று மூன்றையும் எழுதுவார் இல்லை. நீங்கள் இரண்டையாவது எழுதினீர்கள்.

ஆப்ஜெக்ட் உருவான ஃபோல்டரின் முழுப்பாதை கம்பைல் ஆகும்போதே நிரலுக்குள் பதிந்துவிடும். நிரல் எங்கே ஓடினாலும், முடியும்போது அந்தப் பாதைக்குத்தான் எழுதப் போகும். இல்லாத ஃபோல்டர்களைத் தானே உருவாக்கவும் பார்க்கும். போர்டில் எழுத அனுமதி இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரின் பாதை அங்கே அப்படியே முளைத்திருக்கும், ஃபைண்ட் போட்டுப் பாருங்கள். ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி என்றால் எழுத முடியாது. ‘புரொஃபைலிங்’ என்று தொடங்கும் ஒரு வரி எரர் அவுட்புட்டில் வரும். அதை, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் திருப்பி விட்டுவிட்டுக் கோப்பைக் காணோம் என்றால் என்ன செய்வது!

மறுபடி பில்ட் வேண்டாம். ஜிகாவ்_பிரிஃபிக்ஸ், ஜிகாவ்_பிரிஃபிக்ஸ்_ஸ்ட்ரிப் என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்கள் போதும். ஆப்ஜெக்ட் இருந்தது /ஹோம்/கடல்/பில்ட் என்று வையுங்கள். பிரிஃபிக்ஸ் /டிஎம்பி/தரவு, ஸ்ட்ரிப் 2 என்றால் முதல் இரண்டு படிகள் கழிந்து, கோப்பு /டிஎம்பி/தரவு/பில்ட் உள்ளே விழும். பல போர்டுகளில் டிஎம்பி ராமில் இருக்கும். மின்சாரத்தை அணைக்கும் முன் எடுத்துவிடுங்கள். எடுத்ததை ஜிசிஎன்ஓ இருக்கும் இடத்தில் போட்டு, போர்டுக்காக பில்ட் செய்த கிராஸ் கம்பைலரோடு வந்த ஜிகாவையே ஓட்டுங்கள். கம்ப்யூட்டரில் உள்ள வேறு பதிப்பு ஒத்துவராது. போடும் முன் அங்கிருக்கும் பழைய ஜிசிடிஏக்களை அழியுங்கள்.

பின்னணியில் சர்வீஸாக ஓடும் நிரலை நிறுத்தினால் ஜிசிடிஏ கோப்பு வருவதில்லை. (மார்த்தாண்டம்)

நிரல் முறையாக எக்ஸிட் ஆனால்தான் தரவு எழுதப்படும். சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி முதலில் சிக்டெர்ம் என்ற நிறுத்தச் சிக்னலை அனுப்பும். அதைப் பிடிக்கும் ஹேண்ட்லர் இல்லையென்றால் நிரல் எதையும் எழுதாமலே சாகும். ஹேண்ட்லரில் ஒரு கொடியை (ஃபிளாக் வேரியபிள்) மட்டும் ஏற்றி, மெயினிலிருந்து ரிட்டர்ன் ஆகுங்கள். கில் மைனஸ் 9 போட்டால் எந்த வழியும் இல்லை. சர்வீஸ் ஓடும் யூசருக்கு அந்த ஃபோல்டரில் எழுத உரிமை உண்டா என்றும் பாருங்கள்.

கிளாங் கம்பைலரில் நிறைய டெஸ்ட் ஓட்டினாலும் டிஃபால்ட்.பிராஃப்ரா என்ற ஒரே தரவுக் கோப்புதான் மிஞ்சுகிறது. (கருங்கல்)

ஒன்றை அடுத்தது அழித்து எழுதுகிறது. எல்எல்விஎம்_புரொஃபைல்_ஃபைல் வேரியபிளில் பெயருக்குள் சதவீதக் குறியும் ‘பி’யும் சேருங்கள், ஒவ்வொரு பிராசஸுக்கும் அதன் எண்ணோடு தனிக் கோப்பு வரும். பிறகு எல்எல்விஎம்-பிராஃப்டேட்டா மெர்ஜ் கட்டளையால் ஒன்றாக்குங்கள்.

ஜிகாவ் ‘ஸ்டாம்ப் மிஸ்மேட்ச்’ என்கிறது. (குலசேகரம்)

சோர்ஸை மாற்றி மறுபடி கம்பைல் செய்தீர்கள், பழைய ஜிசிடிஏ அங்கேயே கிடக்கிறது. அழியுங்கள். கம்பைல் செய்யாமல் திரும்ப ஓட்டினாலும் எண்ணிக்கை பழையதோடு கூடிக்கொண்டே போகும். அதற்கும் இதே மருந்து.

நிரலின் நேரச் செலவைக் காட்டும் ஜிபிராஃபின் தரவுக் கோப்பு ஜிமான்.அவுட் எங்கே விழும்? (பூதப்பாண்டி)

ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தில் அல்ல. நிரல் முடியும்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அங்கே. நடுவில் சிஎச்டிர் செய்து ஃபோல்டர் மாறும் நிரல் என்றால் அங்கே போய்த் தேடுங்கள்.