அத்தி இலையும் தோல் உடையும்

கேள்வி: ஆதாம் தவறுவான் என்று தெரிந்தும் கடவுள் ஏன் அவனைப் படைத்தார்? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: என் மூத்த மகன் பிறந்தபோது, ஒருநாள் இவன் என்னை நோகடிப்பான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். என்னிடம் இருக்கும் பதில் அதுதான். அப்புறம், பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். விலக்கப்பட்ட கனியைத் தின்ற ஆதாமும் ஏவாளும் அத்தி இலைகளைத் தைத்துக் கட்டிக்கொண்டு மரங்களுக்குள் ஒளிகிறார்கள். தேடி வருகிறவர் கடவுள். ‘நீ எங்கே இருக்கிறாய்?’ என்றுதான் முதலில் கேட்கிறார். 21-ஆம் வசனத்தில், தோட்டத்தைவிட்டு அனுப்புவதற்கு முன்பே, தோல் உடை செய்து தாமே உடுத்திவிடுகிறார். தண்டனைக்கு நடுவில் இப்படி ஒரு தாய்மனசு! தோல் உடை என்றால் ஓர் உயிர் போயிருக்க வேண்டும். வசனம் அதைச் சொல்லவில்லை. ஆனால் நமக்காக இயேசு உயிர்விட்ட சிலுவையின் நிழலை நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.