டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? ஜிம் பவுடர்கள் பற்றி உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மதுரையில் விளையாட்டு வீரர்களுக்கு உணவுத் திட்டம் போட்டுத் தரும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். சப்ளிமெண்ட் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்து குவிந்தவற்றில், அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனியிடமும் நான் காசு வாங்குவதில்லை, அதனால் பிராண்ட் பெயர் எதுவும் இதில் வராது.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி: ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது அக்கா. மாஸ்டர் ஐந்து டப்பா எழுதிக் கொடுத்தார்: வே புரோட்டீன், கிரியேட்டின், பிசிஏஏ, குளூட்டமின், ஃபேட் பர்னர். மாசம் 9,000 ரூபாய் ஆகும். என் சம்பளம் 18,000. இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

இரண்டு வேலை செய்யும். மூன்றுக்குக் கொடுக்கும் காசு வீண்.

வே என்பது மருந்து இல்லை தம்பி, உணவு. பாலைத் திரியவைத்துச் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரைக் காயவைத்த பொடி. வீட்டில் பனீர் செய்தால் துணியில் வடிகிறதே, அந்த மாதிரித் தண்ணீர்தான். ஒரு ஸ்கூப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கும். நான்கு முட்டைக்குச் சமம், அவ்வளவுதான். கிரியேட்டினுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, கீழே விவரமாகச் சொல்கிறேன்.

பிசிஏஏ என்பது மூன்று அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்களில் மூன்று. தசை வளர அவசியமானவை ஒன்பதும் வேண்டும். அந்த மூன்றும் முட்டையிலும் வேயிலும் ஏற்கெனவே இருக்கின்றன. குளூட்டமினை உடம்பே தயாரித்துக்கொள்ளும். ஃபேட் பர்னரில் பெரும்பாலும் இருப்பது காஃபின். அதோடு என்ன கலந்திருக்கிறார்கள் என்பதுதான் பயம். எபிட்ரா என்ற மூலிகைச் சாறு இந்த வகை மாத்திரைகளில் ஓகோவென்று ஓடியது. மாரடைப்பு, பக்கவாதம் என்று புகார் வந்து, 2004ல் அமெரிக்க அரசு தடை செய்தது.

மூன்று மாதக்காரருக்கு ஐந்து டப்பாவும் வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ஏழெட்டு மணி நேரம் தூங்கி, வாராவாரம் எடையைக் கொஞ்சம் கூட்டித் தூக்கினாலே உடம்பு வளரும் காலம் இது.

கும்பகோணத்திலிருந்து: நாங்கள் அசைவம் சாப்பிடுவதில்லை, முட்டை மட்டும் உண்டு. எடை 65 கிலோ. பவுடர் இல்லாமல் புரதம் எப்படிச் சேரும் மேடம்?

சேரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் போனால் தசைக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். உங்களுக்கு 104 கிராம்.

காலையில் நான்கு இட்லி சாம்பார், மதியம் சாதம் சாம்பார் பொரியல் தயிர், ராத்திரி மூன்று தோசை. நம் வீடுகளில் வழக்கமாகப் பார்க்கும் இந்தத் தட்டு 45 கிராமைத் தாண்டுவது கஷ்டம். வயிறு நிறைகிறது, ஆனால் எல்லாம் மாவு. இதோடு மூன்று முட்டை (18), காய்ந்த நிலையில் 50 கிராம் சோயா உருண்டை (26), ஒரு டம்ளர் பால் (6), 50 கிராம் வேர்க்கடலை (12) சேர்த்தால் 107 வந்துவிடும். சோயாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இரண்டு தடவை நன்றாகப் பிழிந்து, மிளகு போட்டு வறுத்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும். ஒரு நாள் சமைக்க நேரமில்லையா, அன்றைக்கு ஒரு ஸ்கூப் வே குடியுங்கள், தப்பில்லை.

ஒரு தாய், திருநெல்வேலி: 16 வயது மகன் கிரியேட்டின் கேட்கிறான். கிட்னி போய்விடும் என்கிறார்களே?

அம்மா, கிட்னி பயம் வேறு, உங்கள் மகனுக்கு வேண்டுமா என்பது வேறு.

இறைச்சியில் இயற்கையாகவே இருக்கும் பொருள் கிரியேட்டின். 1832லேயே பிரான்சில் செவ்ரூல் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்துவிட்டார். நம் உடம்பும் தயாரிக்கிறது. சட்டென்று பலம் வேண்டிய வேலைகளுக்கு, அதாவது எடை தூக்க, குறுகிய தூரம் ஓட, தசைக்குள் சேமித்த எரிபொருள் இது. தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் அந்த இருப்பு நிறையும். சைவக்காரர்களுக்கு இருப்பு குறைவு என்பதால் மாற்றம் கூடுதலாகவே தெரியும். முதல் வாரங்களில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். அது தசைக்குள் சேரும் தண்ணீர்.

நல்ல கிட்னி உள்ள பெரியவர்களுக்கு இந்த அளவில் கெடுதல் எதுவும் ஆய்வுகளில் தெரியவில்லை. குழப்பம் ரத்தப் பரிசோதனையில்தான் வருகிறது. கிரியேட்டின் சிதைந்தால் கிரியேட்டினின் ஆகும், கிட்னி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அளப்பது அதைத்தான். டப்பா எடுப்பவருக்கு ரிப்போர்ட்டில் அது சற்று ஏறிக் காட்டும், வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் சிஸ்டாட்டின் சி என்ற வேறு பரிசோதனையில் சரிபார்ப்பார். ஏற்கெனவே கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

ஆனால் உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம். வளரும் வயதுப் பிள்ளைகளிடம் இதற்குப் போதுமான ஆய்வு இல்லை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் பரிந்துரைப்பதில்லை. திட்டாதீர்கள். ராத்திரி ஒரு மணிவரை போன் பார்க்கிறானா, காலையில் சாப்பிடாமல் ஓடுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

கோயம்புத்தூர்: போலி டப்பாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நாள் ஒரு பையன் பாதி தீர்ந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகப்பில் கொட்டை எழுத்தில் 27 கிராம் புரதம். பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தால் கிளைசின், டாரின். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அமினோ அமிலங்கள் இவை. சோதனைக்கூடம் புரதத்தை நேராக அளப்பதில்லை, அதில் இருக்கும் நைட்ரஜனை அளந்து கணக்குப் போடும். மலிவான அமினோவைக் கொட்டினால் நைட்ரஜன் ஏறும், புரதமும் ஏறியதாகக் காகிதத்தில் தெரியும். அந்தப் பையன் மூன்று மாதச் சேமிப்பைப் போட்டு வாங்கியிருந்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

2024ல் கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து வெளியிட்டார்கள். சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு தவறு. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு.

எனவே வாங்கும்போது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணைப் பாருங்கள், அது இல்லாவிட்டால் தொடாதீர்கள். பொருட்பட்டியலில் கிளைசின், டாரின் தனியாக வந்தால் வைத்துவிடுங்கள். மூலிகைக் கலவை என்று நீளமாகப் போட்டிருந்தாலும் அப்படியே. ‘சீல் உடைந்ததுதான், பாதி விலைக்குத் தருகிறேன்’ என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

தேனி: போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறேன். 7 நிமிடத்தில் 1,500 மீட்டர் ஓட வேண்டும். ப்ரீ ஒர்க்அவுட் எடுத்தால் வேகம் வருமா?

ப்ரீ ஒர்க்அவுட் என்பது பயிற்சிக்கு முன்னால் கரைத்துக் குடிக்கும் பொடி, அதில் வேலை செய்வது முக்கியமாகக் காஃபின்தான். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தால் களைப்பு தள்ளிப்போகும் என்பது உண்மை. 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். இதைச் சிக்கரி குறைவான ஸ்ட்ராங் காபியிலேயே பாதிக்கு மேல் எட்டலாம். அந்தப் பொடியைக் குடித்ததும் முகமும் கையும் சுள்ளென்று குத்துகிறதே, அது அதில் கலந்திருக்கும் பீட்டா அலனின் என்ற அமினோ அமிலம். அந்தக் குத்தல் வேகத்துக்கு அடையாளம் இல்லை. ஒரே நாளில் எடுத்து அதில் பலனும் இல்லை, வாரக்கணக்கில் எடுக்க வேண்டும்.

தேர்வு நாளன்று முதல் தடவையாக எதையும் குடிக்காதீர்கள். படபடப்பும் வயிற்றுக் கலக்கமும் சேர்ந்தால் ஒரு வருட உழைப்பு அந்த மைதானத்திலேயே போய்விடும்.

பெயர் வேண்டாம்: டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்?

லேபிளில் ட்ரிபுலஸ் என்று பெரிதாகப் போட்டிருக்குமே, அது நம் ஊர் வறண்ட நிலத்தில் காலில் குத்தும் நெருஞ்சி. ஆரோக்கியமான ஆண்களிடம் அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றவில்லை என்றுதான் சோதனைகள் காட்டுகின்றன.

நாமக்கல்: மாநில அளவில் கபடி விளையாடுகிறேன். டோப் டெஸ்டில் மாட்டுவேனா?

இந்தப் பதிலைக் கவனமாகப் படியுங்கள். ஊக்கமருந்து விதியில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உடம்புக்குள் எது இருந்தாலும் வீரர்தான் பொறுப்பு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஆதரவில் நடந்து 2004ல் வெளியான ஆய்வில், 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்ட்டுகளில் 94ல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு இருந்தது. ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. எனக்குத் தெரிந்த ஓட்டக்காரப் பெண் ஒருத்தி கடையில் கொடுத்த பொடியைக் குடித்துச் சிக்கினாள். இரண்டு வருடத் தடை. வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டு வயது அதற்குள் போய்விட்டது. அவள் அம்மா என் முன்னால் உட்கார்ந்து அந்தக் காலி டப்பாவைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டாயம் எடுத்தே ஆக வேண்டுமென்றால், தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) ஒவ்வொன்றையும் ஊக்கமருந்துச் சோதனை செய்து இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை பெற்றதை மட்டும் வாங்குங்கள். தொகுதி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பிரச்சினை வந்தால் சோதிக்க டப்பாவில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். முத்திரை இருந்தாலும் நூறு சதவீத உத்தரவாதம் இல்லை. ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஜிம்மையே விட்டுவிடுங்கள்.

திருச்சி, 61 வயது: நடைப்பயிற்சி போகிறேன். கால் தசை இளைத்துவிட்டது. எனக்கு இந்தப் பவுடர் உதவுமா அம்மா?

உங்களுக்குத்தான் இளைஞர்களைவிடப் புரதம் முக்கியம் ஐயா. இந்த வயதில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். முதலில் கிட்னி சரியாக இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சரியாக இருந்தால் காலையில் இரண்டு முட்டை, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி பால். பல்லும் பசியும் ஒத்துழைக்கவில்லை என்றால் பாலில் ஒரு ஸ்கூப் வே கலக்கலாம்.

ஆனால் நடை மட்டும் தசையைத் திருப்பித் தராது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்துத் தடவை, காலையும் மாலையும். முதல் வாரம் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.