2021இல் ஒப்பரேசன் இல்லாமல் மாறிய குடல்வளரி, இப்போது திரும்ப நோவு

வணக்கம். 2021 ஊரடங்கில் உங்கள் தம்பியின் குடல்வளரி (அப்பென்டிக்ஸ்) அழற்சிக்கு வெட்டாமல் ஊசிமருந்தே ஏற்றி அனுப்பினார்கள், இப்போது அதே வலப்பக்க அடிவயிறு நோகிறது, அன்றைக்கு ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

ஏமாற்றவில்லை. கொரோனா காலத்தில் தியேட்டரும் ஆட்களும் தட்டுப்பாடு. மயக்கமருந்து கொடுக்கக் குழாய் போடும்போது தொற்றும் பயம் வேறு. அதனால் சிக்கலில்லாத குடல்வளரிக்கு அன்ரிபயோட்டிக் மட்டும் கொடுப்பது பல நாடுகளில் நடந்தது. 2020இல் அமெரிக்காவில் 1,552 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு 90 நாளுக்குள்ளேயே ஒப்பரேசன் தேவைப்பட்டது. சில வருடங்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தேவைப்பட்டது. குடல்வளரிக்குள் கல் இருந்தவர்களில் இன்னும் கூடுதலானோருக்கு. ஆக, திரும்ப வருவது புதினமில்லை.

மிச்சக் குளிசை வீட்டில் இருக்கிறது என்றீர்களே, அதைத் தொடவே வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த ஊரடங்கில் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தே இரண்டு நாள் போக்கினோம். குடல்வளரி வெடித்த பிறகுதான் வார்ட்டுக்குப் போனோம். பிந்திப் போனதுதான் அப்போது நிறையப் பேரைக் கெடுத்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவோ கிளிநொச்சியோ, இன்றைக்கே கொண்டுபோங்கள். காய்ச்சல், சத்தி, நடந்தால் குத்து என்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சாப்பாடு கொடுக்காதீர்கள். அப்புறம், பழைய நோய்நிர்ணய அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஸ்கானில் கல் என்று எழுதியிருந்தால் டொக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.