கலட்ராவாவில் புதியது எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜெனீவாவின் பட்டேக் ஃபிலிப் நிறுவனம் தன் கலட்ராவா கைக்கடிகார வரிசையை அண்மை ஆண்டுகளில் புதுப்பித்திருக்கிறது என்கிறார்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் எனக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. எதைத்தான் மாற்றினார்கள்?

பதில்: எளிதில் கண்ணில் படாதபடி மாற்றுவதே இந்த வரிசையின் மரபு. 1932-ஆம் ஆண்டில், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, கடிகார முகப்புகளைத் தயாரித்து வந்த ஸ்டெர்ன் சகோதரர்கள் இந்த நிறுவனத்தை வாங்கினார்கள். அதே ஆண்டில் 96 என்ற மாதிரி எண்ணோடு வெளிவந்த கைக்கடிகாரமே கலட்ராவா வரிசையின் மூலம். வட்டமான கூடு, அதிலிருந்து ஒட்டுப்போட்டது போலத் தெரியாமல் இயல்பாக இறங்கி வரும், கைப்பட்டையைப் பிடிக்கும் காதுகள், தேவைக்கு மேல் ஒரு கோடுகூட இல்லாத முகப்பு, ஆறு மணி இடத்தில் சிறு வட்டத்துக்குள் தனியாகச் சுழலும் விநாடி முள் ஆகியவை அன்று அமைந்த இலக்கணம். நிறுவனம் 1887-இல் வணிக முத்திரையாகப் பதிவு செய்திருந்த, ஸ்பெயினின் பழைய வீரர் சபை ஒன்றின் சின்னமான கலட்ராவா சிலுவையின் பெயரே பின்னர் இந்த வரிசைக்கும் வழங்கலாயிற்று.

அந்த இலக்கணத்தைத் தொடாமல் 2021-இல் 6119 என்ற மாதிரியை வெளியிட்டார்கள். முந்தைய 5119 மாதிரியின் விட்டம் 36 மி.மீ.; புதியதன் விட்டம் 39 மி.மீ. முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தில் வரிசை வரிசையாகச் செதுக்கப்படும் நுண்ணிய பிரமிடுகள் அப்படியே தொடர்கின்றன. வெள்ளை முகப்பின் மீது எழுதப்பட்டிருந்த ரோமன் எண்களுக்குப் பதிலாக, பட்டை தீட்டிய தங்கக் குறிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். ஆனால் புதுப்பித்தலின் உயிர் கூட்டுக்குள் இருக்கிறது. அடுத்த கேள்வி நம்மை அங்கேதான் கொண்டு செல்கிறது.

கேள்வி: பெரிய கடிகாரங்களை விரும்பும் இன்றைய மோகத்துக்கு இணங்கித்தானே 39 மி.மீ. ஆக்கினார்கள்? நளினமான கடிகாரத்துக்கு இது அழகா?

பதில்: காலத்தின் விருப்பத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் ஒரு கைக்கடிகாரத்தின் அழகைக் கூட்டின் விட்டத்தை மட்டும் கொண்டு அளப்பது போதாது. கூட்டுக்கும் அதற்குள் இருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். மரபான அமைப்பில் சிறு விநாடி முள், நிமிடத்துக்கு ஒரு முறை சுழலும், இயந்திரத்தின் நான்காம் சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்படுகிறது. அந்த அச்சு மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்பதை முகப்பை வரைபவர் விருப்பம் போல் மாற்றிக்கொள்ள முடியாது. இயந்திரத்தை வடிவமைத்த அன்றே அது முடிவாகிவிடுகிறது. எனவே சிறிய இயந்திரத்தைப் பெரிய கூட்டில் வைத்தால், விநாடி வட்டம் விளிம்பை விட்டு விலகி மையத்தை நோக்கி ஏறி நிற்கும்.

1934 முதல் 96 மாதிரியில் இயங்கிய இயந்திரத்தின் விட்டம் சுமார் 27 மி.மீ.; கூட்டின் விட்டமோ சுமார் 31 மி.மீ. இயந்திரம் கூட்டை ஏறக்குறைய நிறைத்திருந்ததால் விநாடி வட்டம் தனக்குரிய இடத்தில், முகப்பின் கீழ்ப்பகுதியில் அமைந்தது. பின்னாளில் வந்த 215 பி.எஸ். என்ற இயந்திரம் 21.9 மி.மீ. விட்டமே கொண்டது. 1985-இல் வந்த 3919 மாதிரியின் 33.5 மி.மீ. கூட்டில் அது உறுத்தவில்லை. ஆனால் அதே இயந்திரத்தை 2004-இல் வந்த 5196 மாதிரியின் 37 மி.மீ. கூட்டில் வைத்தபோது விநாடி வட்டம் மேலே ஏறிப்போனது வெளிப்படையாகத் தெரிந்தது. மற்ற எல்லா வகையிலும் நான் மதிக்கும் அந்தக் கடிகாரத்தில் இந்த ஒரு குறையை என்னால் ஏற்க முடிந்ததில்லை.

6119-க்காக உருவாக்கப்பட்ட 30-255 பி.எஸ். இயந்திரம் 31 மி.மீ. விட்டம் கொண்டது. இதனால் 39 மி.மீ. கூட்டிலும் விநாடி வட்டம் மீண்டும் விளிம்பின் பக்கம் இறங்கியிருக்கிறது. விட்டம் இவ்வளவு கூடியும் இயந்திரத்தின் தடிமன் 215 பி.எஸ்.-ஐப் போலவே 2.55 மி.மீ. அளவிலேயே நிற்பது என்னை மிகவும் ஈர்க்கிறது. கூட்டின் மொத்தத் தடிமன் 8.1 மி.மீ. அளவே என்பதால், அகலம் கூடினாலும் சட்டைக் கைக்குள் தடையின்றி நுழையும் இயல்பு கெடவில்லை. 1932-இன் விகிதத்துக்குத் திரும்பிச் செல்வதற்காகவே ஒரு புதிய இயந்திரத்தைச் செய்தார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: புதிய இயந்திரத்தில் சுருள்வில்லை அடக்கிய பேரல்கள் இரண்டு இருக்கின்றன. அப்படியிருந்தும் ஒரு முறை சாவி கொடுத்தால் 65 மணி நேரந்தான் ஓடுகிறது. இரண்டு இருந்தும் நேரம் ஏன் இரட்டிப்பாகவில்லை?

பதில்: பேரல்களை இரண்டு வகையில் இணைக்கலாம். ஒன்றின் பின் ஒன்றாக, தொடராக இணைத்தால் ஓடும் நேரம் நீளும். இணையாகப் பூட்டினால், ஒரே ஏரில் கட்டிய இரு மாடுகள் சேர்ந்து இழுப்பதைப் போல, இரண்டின் விசையும் ஒரே வேளையில் சக்கரத் தொடருக்குக் கிடைக்கும். இங்கே இரண்டாவது வழியைத் தேர்ந்திருக்கிறார்கள். கூடுதல் விசை கிடைப்பதால், முன்னும் பின்னும் அசைந்து நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தை, நிலைமம் மிகுந்ததாக அமைக்க முடிகிறது. அத்தகைய சக்கரம் கை அசைவுக்கும் சிறு அதிர்ச்சிக்கும் எளிதில் தடுமாறாது. அதாவது, கூடுதல் ஆற்றலில் பெரும்பகுதி நேரத் துல்லியத்துக்காகச் செலவிடப்படுகிறது.

இருப்பினும் 215 பி.எஸ். இயந்திரத்தின் 44 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் 65 மணி நேரம் அன்றாட வாழ்வில் பெரிய வசதிதான். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முழுச் சாவி கொடுத்துக் கழற்றி வைத்தால், பழையது ஞாயிறு பிற்பகலில் நின்றுவிடக்கூடும். புதியது திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பக்கவாட்டில் உள்ள சாவித் திருகை வெளியே இழுத்தால் புதியதில் விநாடி முள் நின்றுவிடுகிறதாமே?

பதில்: ஆம். 215 பி.எஸ். இயந்திரத்தில் அந்த வசதி இல்லை. இப்போது விநாடி முள் அறுபதில் வரும்போது நிறுத்தி, நேர அறிவிப்பு ஒலித்ததும் திருகை உள்ளே தள்ளி, விநாடிக்குக்கூடப் பிசகாமல் நேரம் வைக்கலாம்.

கேள்வி: பிரமிடு வளையம் இல்லாத, 96-இன் எளிய வடிவத்தையே விரும்புகிறவர்களுக்குப் புதிய வரவு ஏதும் உண்டா?

பதில்: 2025-இல் வந்த 6196 மாதிரி உங்களுக்கானது. பிளாட்டினக் கூடு, விட்டம் 38 மி.மீ.; முகப்பு இளஞ்செம்மை படர்ந்த பொன்னிறம். இயந்திரம் அதே 30-255 பி.எஸ். என்பதால் 5196-இல் நான் சுட்டிய குறை இதில் நீங்கிவிட்டது. அந்த மாதிரியில் மூடியிருந்த பின்புறமும் இப்போது நீலக்கல் கண்ணாடியாகி, இயந்திரத்தைக் காண வழி செய்கிறது. புதிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் விருப்பம் இதற்கே.

கேள்வி: என்னிடம் பழைய 3919 இருக்கிறது. புதியவை வந்துவிட்டதால் இது மதிப்புக் குறைந்த கடிகாரமாகிவிட்டதா? பழுது பார்க்கக் கொடுக்கும்போது புதிது போல் மெருகேற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: முதல் கேள்விக்கு என் பதில் இல்லை என்பதே. நான் மேலே விவரித்த விகிதக் குறை உங்கள் கடிகாரத்தைத் தொடவில்லை. அதன் சிறிய கூடும் சிறிய இயந்திரமும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவை. தேர்ந்த பணிமனையில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சுத்தம் செய்து எண்ணெயிட்டு வந்தால் உங்களுக்குப் பின்னும் அது ஓடும்.

மெருகேற்றுவதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். உங்கள் 3919-இலும் உள்ள பிரமிடு வளையத்தின் அழகு முழுவதும் பிரமிடுகளின் கூர்மையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் தங்கத்தில் ஒரு மெல்லிய படலம் தேய்ந்து, முனைகள் மழுங்கும். ஒளி பட்டுத் தெறிக்கும் அந்த மினுக்கு குறைந்துகொண்டே போகும். இயல்பாகப் பட்ட சிறு கீறல்கள் இருக்கட்டும். கடிகாரத்தை ஒப்படைக்கும் முன், இயந்திரத்தை மட்டும் பார்க்க வேண்டும், கூட்டை மெருகேற்றக் கூடாது என்று பணிமனையின் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.