சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா... அப்புறம்?

போன இதழ்ல பெரியவங்களோட மனச்சோர்வு பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் பாத்தா இந்த மாசம் சுகர், மூட்டு வலி கேள்வியெல்லாம் ஓரமா வைக்க வேண்டியதாயிடுச்சு. இது 2021 ஜூலை. 5ம் தேதிலருந்து பஸ் ஓடுது, கோயில் திறந்தாச்சு, கொரோனா ரெண்டாவது அலை ஒரு வழியா இறங்கிடுச்சு. ஆனா வீட்டுக்குள்ள உக்காந்த பெரியவங்க நிறைய பேர் இன்னும் எந்திரிக்கல. அரசு ஆஸ்பத்திரி மனநல ஓபில இருந்து ரிட்டயர் ஆனவ நான், என்னால முடிஞ்சதை சொல்றேன்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயசு, கூட்டுறவு சங்கத்துல செக்ரட்டரியா இருந்தவர், மயிலாடுதுறை பக்கம் கிராமத்துல தனியா இருக்கார். மே மாசம் அம்மா கொரோனால போயிட்டாங்க. அப்பா மார்ச்லயே ஊசி போட்டுக்கிட்டார், அம்மா அப்புறம் பாக்கலாம்னு இருந்து, ஏப்ரல்ல நடிகர் விவேக் ஊசி போட்ட ரெண்டு நாள்ல இறந்த நியூஸ் பாத்ததும் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. ஆஸ்பத்திரிலருந்து சுத்திக் குடுத்து நேரா சுடுகாடு, நானும் தம்பியும் மட்டும் போனோம், அப்பாவுக்கும் பாசிட்டிவ்ங்கறதால வெளிய வரல, முகம் கூட பாக்கல. அதுலருந்து வயிறு எரியுதுங்கறார், எண்டோஸ்கோப்பி வரைக்கும் பாத்தாச்சு, நார்மல். விடிகாலை 3 மணிக்கு முழிச்சிடறார். ஷேவ் பண்றதில்ல, பேப்பர் மடிச்சபடியே கிடக்கு, பேண்ட் எல்லாம் லூசாயிடுச்சு. தினம் ரெண்டு தடவை போன் பண்றேன், சாப்டீங்களா, சாப்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன், அவ்ளோதான் வச்சிடறார். வீடியோ கால் எடுக்கறதே இல்ல. ஓசூருக்கே கூட்டிட்டு வந்துடட்டுமா?
— பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: தம்பி, அவர் வயிறு எரியுதுன்னு சொல்றது எண்டோஸ்கோப்பில தெரியாது. நம்மூர்ல அந்த வயசு ஆம்பளைங்க யாரும் டாக்டர்கிட்ட போய் "எனக்கு மனசு சரியில்ல"ன்னு சொன்னதை நான் ரொம்ப கம்மியாத்தான் கேட்டிருக்கேன். நெஞ்சு அடைக்குது, வயித்துல என்னமோ பண்ணுது, கால்ல பலம் இல்ல, இப்படித்தான் வரும். நாமளும் கேஸ் மாத்திரை குடுத்து அனுப்பிடுவோம். 3 மணிக்கு முழிப்பு, காலைல ரொம்ப மோசம், சாயந்திரம் ஆனா கொஞ்சம் தேவலாம், பசி இல்ல, எடை குறையுது, எதுலயும் இஷ்டம் இல்ல, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து இருந்தா டிப்ரஷன்தான்னு நினைச்சு காட்டிடறது நல்லது. உங்கப்பாவுக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

"வயசாச்சு, பொண்டாட்டி வேற போயிட்டா, அப்படித்தான இருப்பார்"னு சொந்தக்காரங்க சொல்வாங்க. துக்கம் இருக்கறது நியாயம்தான். ஆனா வெறும் துக்கம்னா அலை மாதிரி வரும் போகும், நடுவுல பேரன் ஏதாவது சொன்னா சிரிப்பு வரும், காபி நல்லாருந்தா நல்லாருக்குன்னு தோணும். அந்த நடுவுல வர்ற மூச்சே இல்லாம ஒரே இருட்டா இருந்தா அது வேற. மத்திய அரசு 2021 ஜனவரில வெளியிட்ட, வயசானவங்க நலம் பத்தின லாசிங்கற சர்வேல (2017-18ல எடுத்தது, 72,000 பேருக்கு மேல பாத்தாங்க) 60 தாண்டினவங்கள்ல 8.3 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் இருக்கலாம்னு கணக்கு வந்துச்சு, ஆனா "டாக்டர் எனக்கு அப்படி சொல்லிருக்கார்"னு சொன்னது வெறும் 0.8 சதவீதம். அதாவது டிப்ரஷன் இருக்கற பத்துல ஒம்போது பேர் கேஸ் மாத்திரையோட வீட்டுல உக்காந்திருக்காங்க, அதுவும் கொரோனாவுக்கு முந்தின கணக்கு.

அதனால முதல்ல மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு கூட்டிட்டுப் போங்க, காசு கிடையாது. போறப்ப தைராய்டும் பி12ம் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க, அது குறைஞ்சாலும் ஆள் இப்படித்தான் சுருண்டு போவார். மனநல டாக்டர்னு சொன்னா வரமாட்டார்னா "தூக்கத்துக்கு ஒரு டாக்டர பாத்துட்டு வரலாம்பா"ன்னு சொல்லுங்க, பொய் ஒண்ணும் இல்ல.

அடுத்தது, எனக்கு இதுதான் முக்கியமா படுது. சாதாரண நாள்ல ஒரு சாவு விழுந்தா என்ன நடக்கும்? துக்கம் விசாரிக்க ஒவ்வொருத்தரா வருவாங்க, திண்ணைல உக்காருவாங்க, "எப்படிப்பா ஆச்சு?"ன்னு கேப்பாங்க. இவரும் முதல்லருந்து ஆரம்பிப்பார், காலைல காபி குடிச்சா, லேசா ஜுரம் இருந்துச்சு, நான்தான் சொன்னேன்... அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதல்லருந்து. பதினாறு முடியறதுக்குள்ள அந்தக் கதையை ஐம்பது தடவையாவது சொல்லிருப்பார். சொல்லச் சொல்ல கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். சின்ன வயசுல எனக்கே இது எரிச்சலா இருக்கும், ஏன் எல்லாரும் அதையே நோண்டுறாங்கன்னு. ஓபில உக்காந்தப்புறம்தான் புரிஞ்சுச்சு நாங்க அரை மணி நேரம் கஷ்டப்பட்டு பண்ற வேலையை அந்த திண்ணை சும்மா பண்ணிட்டிருந்துச்சுன்னு. இந்த மே மாசம் அது நடக்கவே இல்ல. சாவுக்கு 20 பேர்தான் கூடலாம்னு அப்ப அரசாங்க கணக்கு, உங்க வீட்டுல அதுவும் இல்ல, அப்பா ரூமுக்குள்ள கதவு சாத்திட்டு இருந்திருக்கார். உங்கப்பா அந்தக் கதையை இதுவரைக்கும் ஒரு தடவையாவது முழுசா சொல்லிருப்பாரா?

நீங்க ஒரு பத்து நாள் லீவ் போட்டு போங்க. தம்பியையும் வரச்சொல்லுங்க. விட்டுப்போன காரியம் எது உங்க வழக்கத்துல இருக்கோ அதை ஐயர்கிட்டயோ ஊர்ப் பெரியவங்ககிட்டயோ கேட்டு இப்ப பண்ணுங்க, நாள் தள்ளிப் போச்சேன்னு பாக்காதீங்க. அம்மா போட்டோவை பெருசு பண்ணி மாட்டுங்க, எந்த போட்டோன்னு அப்பாவையே எடுக்கச் சொல்லுங்க. சொந்தக்காரங்க ரெண்டு ரெண்டு பேரா மாஸ்க் போட்டுட்டு திண்ணைல வந்து விசாரிக்கட்டும். அப்ப அந்த ஊசி விஷயம் கட்டாயம் வரும், "நான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்"னு சொல்வார், அவர் வயித்துல எரியறது அதுவாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது. விவேக் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டருங்க அன்னிக்கே சொன்னாங்க, ஆனா பயந்தவங்க லட்சம் பேர், உங்கம்மா அதுல ஒருத்தர். இதை அவர்கிட்ட சொல்லலாம், ஆனா உடனே இல்ல. அவர் பேச ஆரம்பிச்சதும் "விடுங்கப்பா, அதையே நினைக்காதீங்க"ன்னு மூடிடாதீங்க. முழுசா சொல்லி முடிக்கட்டும், அழுதா அழட்டும்.

போன் பத்தி. வீடியோ கால் எடுக்கலன்னு வருத்தப்படாதீங்க, எங்கம்மாவும் வீடியோ கால்ல போனை காதுல வச்சுக்குவாங்க, எனக்கு தெரியறது காதும் கம்மலும்தான். 2020 ஊரடங்குல நானும் உங்கள மாதிரி சாப்டியா மாத்திரை போட்டியா வெளிய போகாதன்னு தினம் ரெண்டு தடவை அட்டெண்டன்ஸ் எடுத்துட்டிருந்தேன். ஒரு நாள் ஆஸ்பத்திரில யாரோ ஒரு பை நார்த்தங்காய் குடுத்தாங்க, எவ்ளோ உப்பு போடணும்னு நிஜமாவே தெரியாம அம்மாக்கு போன் போட்டேன். இருபது நிமிஷம். கல்லுப்பா தூளுப்பா, சுருளா நறுக்கினியா, ஜாடில ஈரம் இருக்கக்கூடாது, உன் பாட்டி எப்படி போடுவான்னு எங்கயோ போயிடுச்சு. மறுநாள் காலைல 6 மணிக்கு போன் அடிக்குது, நான் பயந்துட்டேன், "குலுக்கி விட்டியாடி?"ன்னு கேக்கறாங்க. மூணு மாசத்துல அவங்களா போன் பண்ணது அன்னிக்குத்தான். உங்கப்பாகிட்ட கேக்க உங்களுக்கு எதுவுமே இல்லையா? கூட்டுறவு சங்கத்துல இருந்தவர், நகைக்கடன், பத்திரம், பட்டா எல்லாம் அத்துப்படியா இருக்கும். ஆனா நடிக்காதீங்க, கண்டுபிடிச்சிடுவாங்க.

ஓசூருக்கு கூட்டிட்டு வர்றதை இப்ப முடிவு பண்ணாதீங்க. ட்ரீட்மெண்ட் ஆரம்பிச்சு கொஞ்சம் தெளிஞ்சதும் ஒரு மாசம் வந்து இருக்கட்டும், பிடிச்சா பாக்கலாம். பொண்டாட்டி போன ரெண்டு மாசத்துல வீட்டையும் பூட்டிட்டு ஊரையும் விட்டுட்டு யாரையுமே தெரியாத ஒரு ஃபிளாட்ல வந்து உக்காருன்னா எனக்கே வயிறு எரியும்.

கேள்வி: எங்கம்மாவுக்கு 70 வயசு. ஒரு வருஷமா படுத்தே இருக்காங்க, கூப்பிட்டாத்தான் எந்திரிக்கறாங்க. போன மாசம் ரேஷன்ல கொரோனா நிவாரணமா 2,000 ரூபாயும் 14 சாமான் மளிகைப் பையும் குடுத்தப்ப கைரேகை வைக்கணுமோன்னு நினைச்சு கூட்டிட்டுப் போனோம், ஒரு மணி நேரம் வரிசைல நின்னாங்க, வந்து சோப்பு என்ன, ரவை எவ்ளோன்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சு சிரிச்சாங்க, யார் யார பாத்தேன்னு கதை வேற. மறுநாள் மறுபடி படுக்கை. ரெண்டு ஊசியும் போட்டாச்சு. வெளிய அனுப்பறது ரிஸ்க்கா?
— ஒரு மகள், திண்டுக்கல்

பதில்: உங்க கேள்விலயே பதில் இருக்கேம்மா. மாஸ்க் போட்டு அனுப்புங்க. மனசு நல்லானதும் எந்திரிப்பாங்கன்னு காத்திருந்தா நடக்காது, எந்திரிச்சாத்தான் மனசு கொஞ்சம் நல்லாகும். ரேஷன் கார்டு, பால் கணக்கு, கீரைக்காரம்மா, இதுல ஏதாவது ரெண்டு வேலையை அவங்ககிட்ட ஒப்படைச்சிடுங்க, பாதில பிடுங்கிக்காதீங்க. ஒரு மாசத்துல மாற்றம் இல்லன்னா டாக்டர்.

கேள்வி: எனக்கு 67. தாம்பரத்துல மகன் வீட்டுல இருக்கேன். மொத்தம் அஞ்சு பேர். எல்லாரும் வீட்டுலயே இருக்காங்க, பேசத்தான் ஆள் இல்ல. மகன் ஹால்ல ஆபீஸ், மருமகள் பெட்ரூம்ல ஆபீஸ், பேரனுக்கு ஆன்லைன் கிளாஸ். மிக்சி போட்டா மீட்டிங்ம்மா, குக்கர் விசில் வந்தா மீட்டிங்ம்மா, டிவியும் கிடையாது. கிச்சன் ஸ்டூல்ல உக்காந்து பருப்பு பொறுக்கிட்டே அழறேன். நல்லாத்தான் பாத்துக்கறாங்க, குறை சொல்லவும் மனசு வரல. எனக்கு என்ன ஆச்சு?
— ஒரு பாட்டி

பதில்: அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகல, நீங்க ஒன்றரை வருஷமா மீட்டிங்ல மியூட்ல இருக்கீங்க. தனியா இருக்கறது வேற, தனிமை வேற. இங்கிலாந்துல 2018லயே தனிமைக்குன்னு ஒரு மந்திரி போட்டாங்க, ஜப்பான்ல 2021 பிப்ரவரில போட்டாங்க, நம்ம கூட்டுக் குடும்பத்துக்கு அதெல்லாம் வராதுன்னு நாம நினைச்சிட்டிருக்கோம்.

65 தாண்டினவங்க வெளிய வராதீங்கன்னு 2020ல அரசாங்கமே சொன்னது அன்னிக்கு சரிதான். ஆனா உங்க கோயில், மொட்டைமாடி வாக்கிங், காய்கறி வண்டிகிட்ட நின்னு பேசற பத்து நிமிஷம், எல்லாம் அதுல போச்சு, மகனுக்கு ஆபீஸ் வீட்டுக்கே வந்துடுச்சு, உங்க கோயில் வரல. மகன்கிட்ட குறையா சொல்ல வேணாம், டைம்டேபிளா கேளுங்க: மிக்சி எப்ப போடலாம், ராத்திரி எப்ப எல்லாரும் சேந்து உக்காரலாம்னு. ரெண்டு டோஸ் முடிச்சிருந்தா காலைல கூட்டம் இல்லாத நேரம் கோயிலுக்கு கிளம்புங்க, சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்க நமக்கு டிக்கெட் காசும் கிடையாது.

இன்னொண்ணு, காது ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கோங்க. சிரிக்காதீங்க. அறுபதுக்கு மேல நிறைய பேருக்கு காது மந்தமாகி எதிராளி வாயசைவ பாத்தே பாதி புரிஞ்சுக்கறாங்க, அது அவங்களுக்கே தெரியாது, மாஸ்க் வந்து அதை மூடினதும் வெளிய யார் பேசறதும் புரியாம போச்சு. ரெண்டு தடவை என்னன்னு கேட்டுட்டு மூணாவது தடவை சும்மா தலையாட்டிட்டு ஒதுங்கிடறாங்க. இத்தனைக்கப்புறமும் அழுகை நிக்கலன்னா நானா சமாளிச்சுப்பேன்னு இருக்காம டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: அப்பாவுக்கு 76, விவசாயம். "நான் போய்ச் சேந்தா உங்களுக்கு நிம்மதி"ன்னு அடிக்கடி சொல்றார். போன வாரம் வாட்சைக் கழட்டி பேரனுக்கு குடுத்துட்டார், பேங்க் புக் எங்க இருக்குன்னு காட்டினார். எல்லா வயசானவங்களும் இப்படித்தானே பேசுவாங்க?
— விழுப்புரம் மாவட்டம்

பதில்: இதுக்கு இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு போன்லயே பேசிட்டேன், மத்தவங்களுக்காக இங்க எழுதறேன். எல்லா வயசானவங்களும் இப்படி பேசறதில்ல, பேசினாலும் அலட்சியம் வேணாம். பக்கத்துல உக்காந்து "செத்துடணும்னு நினைக்கறீங்களாப்பா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கறது தப்பு, கேட்டதும் அப்பாடான்னு அழுதவங்களைத்தான் நான் பாத்திருக்கேன். பூச்சி மருந்து ஒரு பாட்டில் கூட வீட்டுலயோ மோட்டார் ரூம்லயோ இருக்கக்கூடாது. அவர் மாத்திரை எல்லாம் உங்க கைல இருக்கட்டும், வேளைக்கு வேளை குடுங்க. தனியா விடாதீங்க, அன்னிக்கே ஜிஹெச், ராத்திரின்னாலும் கேஷுவால்டி. அரசு சுகாதார உதவி எண் 104க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், பெரியவங்களுக்குன்னு 14567ங்கற உதவி எண்ணும் இருக்கு. போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பயந்து நிறைய குடும்பம் மறைக்குது. 2017 மனநல சட்டப்படி, முயற்சி பண்ணவங்களையே கடும் மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாது.

கேள்வி: டிப்ரஷன் மாத்திரை குடுத்திருக்காங்க. பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் தெரியல. பழக்கமாயிடும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்தறாங்க. நிறுத்திடவா? வயசு 69, பிபி இருக்கு.
— சேலம்

பதில்: நிறுத்தாதீங்க ஐயா. அது வேலை செய்யவே ரெண்டுலருந்து நாலு வாரம் ஆகும், நம்ம வயசுல ஆறு வாரம் கூட ஆகலாம், கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவாத்தான் ஏத்துவாங்க. பக்கத்து வீட்டுக்காரர் சொல்ற பழக்கமாகற மாத்திரை வேற, மெடிக்கல்ல சீட்டு இல்லாம கேட்டு வாங்கி போட்டுக்கறாங்களே தூக்க மாத்திரை, அதுதான், அதை போட்டுட்டு ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டவங்க எத்தனையோ பேர். உங்க பிபி மாத்திரை நீர் பிரியற வகையான்னு மட்டும் டாக்டர்கிட்ட கேளுங்க, ரெண்டும் சேந்தா சில பேருக்கு உடம்புல சோடியம் குறையும், தள்ளாட்டம், குழப்பம், வாந்தி வந்தா உடனே ரத்த டெஸ்ட். அடுத்த தடவை போறப்ப வீட்டுல இருக்கற எல்லா மாத்திரையும் அட்டையோட ஒரு பைல போட்டு எடுத்துட்டுப் போங்க.