மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் என்றால் என்ன?

மீன் கிடைக்கும் 9 மாதங்களில் மீனவர் கொஞ்சம் கொஞ்சமாக 1,500 ரூபாய் கட்டுவார். அரசு அதோடு 3,000 சேர்த்து, மொத்தம் 4,500 ரூபாயைத் தொழில் மந்தமான 3 மாதங்களுக்குத் திருப்பித் தரும். மீன் மலிந்த நாளில் கருவாடு போட்டு வைக்கிறோமே, அதே கணக்குதான்.

ஏன் இப்படி? வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன், மண்டபம் பக்கம் நாட்டுப்படகு பல நாள் கரையிலேயே கிடக்கும். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிறகு பிடிக்கிற மீனை அவருக்கே, அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். வட்டியைவிட இந்தக் கட்டுதான் ஆளைச் சாய்க்கிறது. 4,500 ரூபாய் குடும்பத்துக்குக் காணாது, உண்மை. ஆனாலும் அந்த முதல் கடனைத் தள்ளிப்போடலாம்.

சேர்வதற்கு உங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். பெண்களும் சேரலாம். பணம் தடைபடுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான்: சங்கப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, அல்லது வரவு செலவே இல்லாமல் முடங்கிப்போன வங்கிக் கணக்கு. கட்டத் தொடங்கும்போதே இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

பலர் இதையும் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தையும் ஒன்றென நினைக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காக வருவது வேறு. அதற்கு நீங்கள் எதுவும் கட்டத் தேவையில்லை.